கிராஃபிக்ஸ் பரீட்சை

வலங்கைமான் வட்டார மக்களுக்கு இதனால் அறிவிப்பது யாதெனில், செல்போன் கேமில் தத்ரூபமாகப் படம் காட்ட முடியுமா என்ற உலகப் பிரச்சினைக்கு, பெருநிலக்கிழார் வைரக்கண்ணு இன்று தீர்ப்பு வழங்குகிறார்.

மகள் ஷோபனாவின் கல்யாணமும் அந்தத் தீர்ப்பில்தான் இருந்தது. அவள் கட்டிக்கொள்ள ஆசைப்படும் சூர்யபிரகாஷ், செல்போன் கேம் தயாரிப்பவன். இதெல்லாம் ஒரு தொழிலா, நிலைக்குமா என்று வைரக்கண்ணுவுக்கு முதல் நாளிலிருந்தே சந்தேகம்.

"வயக்காட்டுல நடக்கற கேமாமே? காட்டுங்க தம்பி. சேத்துலயே பொறந்து வளந்தவன் நான். என் கண்ண ஏமாத்த முடியாது."

ஷோபனா போனை நீட்டினாள். திரை முழுக்கப் பச்சை வயல்.

வைரக்கண்ணு கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு குனிந்தார்.

"நாத்து என்ன, நூல் புடிச்ச மாதிரி நிக்குது? பொம்பளைங்க கையால நட்டா இப்படியா இருக்கும்? பம்புசெட் கொட்டகைக்கு எவன் ரோஸ் பெயின்ட் அடிப்பான்? அப்பட்டமான பொய்! போன்ல கேமெல்லாம் வேலைக்கு ஆவாது. கல்யாணமும் கெடையாது."

சூர்யபிரகாஷ் நெளிந்தான். "மாமா, கேம் இன்னும் டவுன்லோடே ஆகலைங்க."

"அப்ப இது?"

"காலைல நான் எடுத்த வீடியோப்பா," என்றாள் ஷோபனா. "மெஷின் நடவு. நம்ம வயல்தான்."

வயலைக் குத்தகைக்கு விட்ட ஆறு வருடத்தில் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காத வைரக்கண்ணு, கல்யாணத்துக்குத் தேதி பார்க்கச் சொன்னார்.