வெட்டாத தகடு

பட்டறைக்காரர் யூனுஸ் மாமு, கிழிந்த பிரேக் பட்டையை ஆணியில் தொங்கிய மாதிரித் தகட்டின் மேல் வைத்துப் பார்த்துவிட்டார். ஓட்டைகள் பொருந்தவில்லை.

நிலோபர் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

“போனைப் பாத்துக்கிட்டே ஓட்டை போட்டியா மாப்ள? மாதிரி ஒரு பக்கம் இருக்கு, உன் ஓட்டை ஒரு பக்கம் இருக்கு” என்றார் மாமு.

ஓட்டை போட்டவர் கருப்பு. பட்டையை வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

இந்தப் பட்டறையில் செய்த, கையால் சுற்றி ஓட்டும் மூன்று சக்கர வண்டியின் பிரேக்கைத் தாங்கும் இரும்புப் பட்டை அது. கீழக்குயில்குடி இறக்கத்தில் ஓட்டையின் ஓரம் கிழிந்து, பிரேக் கையோடு வந்துவிட்டது. வண்டி வாய்க்காலுக்குள் போனது. அதை ஓட்டி வந்த, நடக்க முடியாத தங்கப்பொண்ணுக்கு இப்போது வலது கையும் முறிந்து கிடக்கிறது.

செல்லூரில் இந்தப் பட்டறைக்கு ஒரு பழக்கம் உண்டு. மாதிரித் தகட்டின் அளவு மாறினால், மாற்றியவரே எல்லாரையும் கூப்பிட்டு ஏன் என்று சொல்ல வேண்டும். பிறகு பழைய தகட்டை அவர்கள் கண்முன்னே வெட்டிப் போட வேண்டும். தன் தப்புக்கு மாமுவே வெட்டியிருக்கிறார். கேலி செய்வார்கள், டீ வரும், அதோடு சரி.

பிரேக் பட்டையை வரைந்தவள் நிலோபர். பாலிடெக்னிக்கில் இரண்டாம் வருஷம். அந்தப் படத்தை வைத்துத்தான் மாதிரித் தகடு செய்தார்கள்; மாமு அதைத் தெரு முழுக்கக் காட்டினார். அன்றிலிருந்து அவள் இன்ஜினியர் பாப்பா.

பிறகு ஒருநாள் வகுப்பில் கணக்குப் போடும்போதுதான் தெரிந்தது. அவள் வரைந்த ஓட்டை, பட்டையின் விளிம்பை ஒட்டி விழுந்திருந்தது. பாரம் தாங்காது.

படத்தைத் திருத்தினாள். வேறொரு பட்டறையில் புதுத் தகடு செய்து வாங்கினாள். எல்லாரும் சாப்பிடப் போன நேரம் அதை ஆணியில் மாட்டிவிட்டு, பழையதைப் பைக்குள் போட்டுக்கொண்டு வெளியேறினாள். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருந்தன. யாரும் கேட்கவில்லை.

கருப்பு போட்ட ஓட்டை அந்தப் பழைய தகட்டோடு அச்சு அசலாகப் பொருந்தும்.

தங்கப்பொண்ணின் வண்டி, அவள் தகட்டை மாற்றுவதற்கு முன்பே லாரியில் போனது. வண்டியூருக்கும் சுற்றுப்பட்டி ஊர்களுக்கும் அதே லாரியில் போன வண்டிகள் எல்லாம் அதே ஓட்டையோடு இப்போதும் ஓடிக்கொண்டிருக்கின்றன.

சொல்ல வாயெடுத்தாள். கருப்பு அதற்குள் அவளருகே வந்துவிட்டார். அவர் கண் கலங்கியிருந்தது.

“என் கைதான் நழுவிருச்சு போல பாப்பா. படிச்ச புள்ள, நீயே சொல்லு. மத்த வண்டியெல்லாம் நல்லாத்தான இருக்கும்?”