ஒட்டாத கல்லு

"தர முடியாதுன்னா முடியாதுதான். இன்னொரு தபா கேட்டாலும் இதே பதில்தான்" என்றாள் அம்சவல்லி.

பஞ்சாயத்துக்காகக் களத்தில் கூடியிருந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஊர்க்கவுண்டர் தீர்த்தகிரி எதிரில் இப்படிக் குரல் உயர்த்திய பெண்பிள்ளை இதுவரை கிடையாது. அதுவும் ஒரு தோசைக்கல்லுக்காக!

வழக்கு இதுதான். அம்சவல்லியிடம் போன மாசம் ஒரு தோசைக்கல் வந்து சேர்ந்தது. வாணியம்பாடியில் அவளுக்குப் பழக்கமான ரபியாவின் வீட்டுக்காரர் சவுதியிலிருந்து கொண்டுவந்தது. கன்னங்கரேலென்று இருக்கும். எண்ணெயே ஊற்றாவிட்டாலும் மாவு ஒட்டாது. மகளைப் பெண் பார்க்க வருகிறார்கள் என்று மங்கம்மாள் அதை ஒரு வேளைக்கு இரவல் கேட்டாள். அம்சவல்லி இல்லையென்றுவிட்டாள்.

மலைமேல் இருக்கும் நெல்லிவாசல்நாட்டின் அந்தச் சின்ன ஊரில் உலக்கை, முறம், ஏர் எதைக் கேட்டாலும் இல்லையென்று சொன்ன வீடு கிடையாது. மங்கம்மாளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது நியாயம்தான்.

"அண்ணே, அதை அவ வெச்சிக்கிற அழகப் பாக்கணும் நீங்க! சாம்பல் போட்டுத் தேய்க்க மாட்டாளாம். தேங்கா நாரும் ஆவாதாம். மெத்துனு துணியால தொடச்சி, பழைய பொடவையில சுத்தி, பச்சப்புள்ளைய தூங்க வெக்கிற மாதிரி பரண்மேல வெக்கிறா. அதுக்குன்னு தனியா ஒரு மரக்கரண்டி வேற!"

கூட்டம் சிரித்தது.

"நெசமாம்மா?" என்றார் கவுண்டர்.

"நெசந்தான். இரும்புக் கரண்டி பட்டா கீறிப்போவும். பெருந்தீயில வெச்சா பாழாப்போவும். ரபியாம்மா சொல்லித்தான் குடுத்தாங்க. இவங்க வாங்கிட்டுப் போவாங்க. கரி புடிச்சிக் கெடக்குதேன்னு சாம்பலப் போட்டு வெள்ள வெளேர்னு தேய்ச்சிக் கொண்டாந்து நீட்டுவாங்க. அப்புறம் நான் எங்க போவேன்?"

"ஊரவிட ஒரு கல்லு பெருசா ஒனக்கு?"

"இப்போதைக்குப் பெருசுதான்."

கவுண்டருக்குக் காது சிவந்தது. வரப்போரத்துப் பலா மரம் ஒன்றுக்காக மூணு வருஷமாக அவர் வீட்டுக்கும் அம்சவல்லி வீட்டுக்கும் பேச்சுவார்த்தை இல்லை. அதை மனசில் வைத்துக்கொண்டு அவர் தீர்ப்புச் சொல்லவில்லை என்று சத்தியம்கூடச் செய்வார். நாமும் நம்பி வைப்போம்.

"கல்லுதான் ஒட்டாத கல்லுன்னா, நீயும் ஊரோட ஒட்டாதவளா?"

மறுபடி சிரிப்பு. கவுண்டருக்கு உற்சாகம் வந்துவிட்டது.

"எம் பொஞ்சாதி ஒரு மாசமா காமாலையில கெடக்குறா. எம் மருமவ வசந்தி சொட்டு எண்ணெ இல்லாம கேவுரு தோசை சுட்டுக் குடுக்குறா. வூட்ல கெடக்குற இரும்புக் கல்லுலதான் சுட்றா. சவுதிக் கல்லு வோணும்னு கேட்டாளா?"

அம்சவல்லி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அப்புறம் மூடிக்கொண்டாள்.

அவள் வீட்டுக் கூரையை முந்தாநாள்தான் பிரித்துப் போட்டிருந்தார்கள். நாளைக்கு ஊரே திரண்டு வந்து புதுப்புல் வேய்வதாக ஏற்பாடு. மேற்கே மேகம் திரண்டு நின்றது. இதெல்லாம் கவுண்டருக்கு நன்றாகத் தெரியும்.

"கடைசியாக் கேக்கறேன். கல்ல குடுக்குறியா, இல்லியா? குடுக்கலேன்னா நாளைக்கு ஒரு ஆளு ஒங்கூரை மேல ஏற மாட்டான்."

"மழ எந்தலைமேலதான பெய்யும்? பெய்யட்டும். கல்ல தரமாட்டேன்."

"அவ்ளோ திமிரா? அப்ப எல்லாரும் கேட்டுக்குங்க! நாளையிலேர்ந்து ஊர்ல யாரும் இவ வூட்டுக்கு எதுவும் குடுக்கக் கூடாது. இவ வூட்லேர்ந்து யாரும் எதுவும் வாங்கவும் கூடாது!"

அம்சவல்லி அவரை நேருக்கு நேர் பார்த்தாள். "குடுக்க வேணாம், சரி. வாங்கவும் கூடாதா? நல்லா ரோசன பண்ணிச் சொல்லுங்க கவுண்டரே."

"சொன்னது சொன்னதுதான்!"

"சரி. அப்புறம் எம்மேல பழி போடாதீங்க."

முந்தானையை உதறி இடுப்பில் செருகிக்கொண்டு நடந்தாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

கவுண்டர் வீட்டுக்கு வந்தார். மனைவி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கண்ணில் மஞ்சள் பாதி இறங்கியிருந்தது. பஞ்சாயத்தில் தான் வெளுத்து வாங்கியதை அவளிடம் கை காலெல்லாம் ஆட்டிச் சொன்னார். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மருமகள் வசந்தி அடுப்படியிலிருந்து வந்தாள். "வாங்கவும் கூடாதுன்னா சொன்னீங்க மாமா?"

"ஆமா. அவகிட்ட நாம இன்னாத்த வாங்கப்போறோம்?"

வசந்தி உள்ளே போய் இரும்புத் தோசைக்கல்லைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள். அதில் துரு பூத்திருந்தது.

"நல்லாப் பாருங்க. ஒரு மாசமா இது அடுப்புல ஏறல. எண்ணெ ஊத்தாம இதுல தோசை எழும்புமா? டாக்டரு சொட்டு எண்ணெ ஆவாதுன்னுட்டாரு. கஞ்சி குடுத்தா அத்தைக்கு வாந்தி. அம்சவல்லி அக்காதான் மலையெறங்கிப் போயி, ரபியாம்மாகிட்ட கேட்டு அந்தக் கல்ல வாங்கியாந்தாங்க. தெனம் காலைல சுட்டு வேலிமேல எங்கையில குடுக்குறாங்க. ஒங்களுக்குத் தெரிஞ்சா அத்தைய சாப்பிட வுடமாட்டீங்கன்னுதான் மூச்சு வுடல. ஒரு கீறல் வுழுந்தாக்கூட மாவு ஒட்ட ஆரம்பிச்சிடுமாம். அதான் யாருக்கும் தரமாட்டேன்றாங்க."

கவுண்டர் அந்தக் கல்லை எடுத்துத் துருவை விரலால் சுரண்டிப் பார்த்தார். வெளியே முதல் தூறல் விழுந்தது.

வசந்தி விடவில்லை. "தீர்ப்பு சொன்னவரு நீங்கதான மாமா? நாளைக்குக் காலைல அத்தைக்கு இன்னா குடுக்கறதுன்னும் நீங்களே சொல்லிடுங்க."