காலிஃபிளவர் மசியல்

வெந்த காலிஃபிளவரைத் துணியில் கட்டி, கை நோகப் பிழிந்தான் அவன். தண்ணீர் வடிந்தால்தான் அது மசித்த உருளைக்கிழங்கு போலத் தோன்றும். தட்டில் கொத்துக்கறி பரப்பி, அதன் மேல் மசியலைத் தடவி, சீஸ் தூவி ஓவனில் வைத்தான்.

"ஒரு நாள் உருளைக்கிழங்கு வெச்சுக் குடுத்தா குடியா முழுகிடும், மாப்பிள்ளை?" என்றாள் மாமியார்.

"நல்லாக் கேளும்மா! ஜெயில்லகூட இப்படிப் போட மாட்டாங்க!" படுக்கையறையிலிருந்து மனைவியின் குரல் வந்தது.

"முதல்ல சுகர் குறையட்டும். அப்புறம் மூட்டையோட வாங்கித் தர்றேன்!" என்று கத்தினான்.

வெந்ததும் கொண்டுபோய் ஊட்டினான். அவள் முகத்தைச் சுளித்து, கூட வந்த அம்மாவிடம் சொன்னாள்: "இவருக்காகவாவது நான் சீக்கிரம் தேறணும். எழுந்ததும் இதையே இவருக்கு மூணு வேளையும் போடப்போறேன்."

அவன் சிரித்துவிட்டுச் சமையலறைக்குத் திரும்பினான். மாமியார் பின்னாலேயே வந்தாள். "உங்களுக்குக் கல்நெஞ்சு."

அவன் குழாயைத் திறந்துவிட்டான். தண்ணீர்ச் சத்தத்தில் மெல்லச் சொன்னான்: "நேத்து ரிப்போர்ட்டப் பாத்துட்டு டாக்டர் சொல்லிட்டாரு, அத்தை. இனிமே பத்தியமே வேண்டாமாம். ஆசைப்பட்டதெல்லாம் குடுக்கச் சொன்னாரு."

"அப்புறம் என்ன..." என்று முகம் மலர்ந்தவள், பாதியில் நிறுத்திச் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"உருளைக்கிழங்கப் பாத்தா அவளுக்குத் தெரிஞ்சிடும், அத்தை."

"அங்க என்ன குசுகுசுன்னு?" என்று மனைவி குரல் கொடுத்தாள்.

மாமியார் குழாயை மூடிவிட்டு உரக்கச் சொன்னாள்:

"ஒண்ணுமில்லடி. இன்னும் ஆறு மாசத்துக்கு உருளைக்கிழங்கே கிடையாதாம். டாக்டர் கண்டிப்பாச் சொல்லிட்டாரு."