மாமாவுக்குப் பிடித்த வேகம்

பழைய கொம்பியூட்டரின் புரொசெசருக்குக் கொம்பனி போட்டிருந்த வேகக்கட்டுப்பாட்டுப் பூட்டைத் திறந்து, அதன் வேகத்தைக் கூட்டினேன். திரை நீலமாகி அணைந்தது. மனைவி செலீன் பாதி தட்டி வைத்திருந்த அலுவலக அறிக்கையும் அதோடு போனது.

“இந்த லாசால் ஊரிலை எல்லாரும் புதுசு வாங்கீற்றினம். நீங்கள் மட்டும் செத்ததை எழுப்பி ஓடவிடுறியள்!” என்றாள்.

நான் விடவில்லை. அடுத்த முறை அது பனி அள்ளும் வண்டிபோல இரைந்துகொண்டு ஓடியது.

அன்றுதான் அதிசயம் நடந்தது. கல்யாண நாளிலிருந்து என்னை ஒரு மனிசனாய் மதிக்காத மாமனார் அருமைராசா, கதிரையை இழுத்து வந்து என் மேசையருகே இருந்தார். பிறகு தினமும் வந்தார். நான் புரொசெசரைப் பற்றி விளக்க, அவர் “ம்” என்பார்.

“பாத்தீரோ, உம்மடை அப்பாவுக்கு என்ரை அருமை விளங்குது,” என்றேன் செலீனிடம்.

“அப்பாவுக்கு ரிமோட்டே விளங்காது. சத்தம் தாங்கேலாது, வேகத்தை இறக்குங்கோ!”

இறக்கினேன். மறுநாளே மாமா கதிரையைத் தூக்கிக்கொண்டு குசினிக்குப் போய்விட்டார். வீட்டில் எனக்கிருந்த ஒரே மரியாதையும் போச்சே என்று பின்னாலேயே ஓடினேன்.

“மாமா, வேகத்தைக் குறைச்சிட்டன் எண்டு கோவமோ?”

“விசர்க்கதை கதையாதையும். வேகம் ஆருக்கு வேணும்? உம்மடை பெட்டி கொதிச்சால்தான் என்ரை காலுக்குக் குளிராது. இப்ப அது ஆறிப்போச்சு. இனி அடுப்புக்குப் பக்கத்திலைதான் இருக்கப்போறன். அடுப்பு விளக்கம் சொல்லாது.”