மாத்திரை கொடுத்தது யார்?

மருமகள் ஜிபெக் கொட்டகைக்குப் பின்னால் நின்று யாருக்கோ போன் போட்டுக் குசுகுசுப்பதை, புருல் இரண்டு நாளாகக் கவனித்துக்கொண்டுதான் இருந்தாள். மாமியார் தலை தெரிந்ததும் பேச்சு நின்றுவிடும்.

இப்போது ஜிபெக்கின் புருஷன், புருலின் இளைய மகன் எர்மெக், நாரின் நகர ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் முடிந்து கண் திறக்காமல் கிடக்கிறான்.

"இரைப்பைப் புண் ஓட்டையாயிடுச்சு. தைச்சிட்டோம்" என்றார் டாக்டரம்மா. "வலி வந்த அன்னிக்கே வந்திருந்தா பயமில்ல. ரெண்டு நாள் விட்டுட்டீங்க, உள்ளே எல்லாம் சீழ். பிழைக்கிறது இனிமே அவர் உடம்பு கையிலதான்."

"வெறும் வயித்துல வலி மாத்திரை வேற அள்ளிப் போட்டிருக்கார். என்ன மாத்திரை? யார் குடுத்தது?"

ஜிபெக் பையிலிருந்து காலி அட்டையை எடுத்து நீட்டினாள். பத்தும் தீர்ந்திருந்தது.

"பாத்தியாம்மா!" என்று குதித்தான் மூத்தவன் ஜெனிஷ். அப்பா போன பிறகு குடும்பத்துக்கு அவன் வைத்ததுதான் சட்டம். "நாளைக்குக் கோக்போரு குதிரை ஆட்டம். எர்மெக் குதிரை ஏறலன்னா என் டீம் மண்ணைக் கவ்வும். எதிர் டீம் யாரு? இவ பொறந்த ஊரு!"

புருலுக்கு எல்லாம் புரிந்துபோயிற்று. போனும் குசுகுசுப்பும் இதற்குத்தானா!

"அடிப்பாவி! என் புள்ளையைக் காவு குடுக்கவா பாத்தே? யாருகிட்டடி பேசினே?"

"ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போக கார் கேட்டேன் அத்தை. நாலு தடவை கேட்டேன்." ஜிபெக் மாமியாரைப் பார்த்தே பேசினாள். "ஆட்டம் முடியட்டும், அதுவரைக்கும் தாங்கட்டும்னு மாத்திரை குடுத்தனுப்பினாங்க, உங்ககிட்ட மூச்சு விடக்கூடாதுன்னும் சொல்லிட்டாங்க. கடைசியில வைக்கோல் லாரியில ஏத்திக்கிட்டு வந்தேன்."

"கதை விடறா!" என்றான் ஜெனிஷ். "யாருன்னு கேளும்மா. பேரைச் சொல்லட்டும் பாப்போம்!"

"சொல்லுடி! யார் அந்தப் படுபாவி?"

ஜிபெக் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"புருஷன் வீட்டுப் பெரியவங்க பேரை மருமக வாயால சொல்லக்கூடாதுன்னு, வந்த அன்னிக்கே நீங்கதானே அத்தை சொன்னீங்க?"