ஐந்து டெலஸ்கோப், ஒரு கண்

"ஒரே ஒரு தடவை எட்டிப் பார்த்துக்கறேன் சார். அரை நிமிஷம் போதும்."

பல் டாக்டர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவருடைய கிளினிக்கின் மொட்டை மாடியில் ஐந்து டெலஸ்கோப்புகள் மேற்கே மூக்கை நீட்டிக்கொண்டு நின்றன. இன்னும் இருபது நிமிஷத்தில் வால் நட்சத்திரம் எதிர்க் கட்டடத்துக்குப் பின்னால் இறங்கிவிடும். நாளையிலிருந்து சூரிய வெளிச்சத்தில் கரைந்துவிடும். அப்புறம் இந்த ஜென்மத்தில் கிடையாது.

"எதுல சார் பார்ப்பீங்க? கண்ணு வைக்கிற இடத்துலதான் கேமரா உட்கார்ந்திருக்கே!" என்றார் டாக்டர். வானியல் சங்கத்துக்குச் செயலாளரும் அவரே.

உண்மைதான். ஐந்திலும் கேமரா மாட்டியிருந்தது. ஐந்து பேரும் ஐந்து லேப்டாப்புகளில் தலையைக் கவிழ்த்திருந்தார்கள். வானத்தைப் பார்க்க வந்த கூட்டத்தில் ஒருத்தராவது வானத்தைப் பார்க்க வேண்டுமே! ம்ஹூம்.

வந்தவருக்கு ஐம்பது வயது இருக்கும். தடித்த கண்ணாடி, கசங்கிய சட்டை, தோளில் ஒரு துணிப்பை.

"எங்க ஊர்ல பதினோரு நாளா மேகம் சார். யார் வேணாலும் வரலாம்னு நீங்க போட்டிருந்தீங்க. டிப்போல லீவு சொல்லிட்டு ரெண்டு பஸ் மாறி வந்தேன்."

"வரலாம்னுதான் போட்டோம். கழட்டிப் பார்க்கலாம்னு போடலையே? அதோ, அந்தத் தண்ணித் தொட்டிக்கு மேல பாருங்க. வெறுங்கண்ணுக்கே லேசாத் தெரியுது."

"வந்ததுல இருந்து தேடறேன். என் கண்ணுக்குப் பிடிபடல சார்."

"அப்ப ஸ்கிரீன்ல பாருங்க. வால் எவ்வளவு தெளிவு!"

"ஸ்கிரீன்ல நிறையப் பார்த்துட்டேன் சார்" என்றார் அவர் மெதுவாக.

"அப்புறம் என்ன? அதேதானே இது!"

அவர் கைப்பிடிச் சுவர் ஓரமாகப் போய் நின்றுகொண்டார். பார்க்கவே பாவமாக இருந்தது.

ஜெராக்ஸ் கடைக்காரம்மாவுக்கு மனசு கேட்கவில்லை. அங்கிருந்ததிலேயே சின்ன டெலஸ்கோப் அவருடையது.

"அண்ணே, இங்க வாங்க" என்றவர், கேமராவின் திருகைத் தளர்த்தத் தொடங்கினார்.

டாக்டர் பதறிப்போனார். "என்ன மேடம் பண்றீங்க! நூறு படம் சேர்த்தாத்தான் ஒரு நல்ல படம். உங்களுக்கு நாப்பதுகூட ஆகல. இப்பக் கழட்டினா ஃபோகஸ் போயிடும். திரும்பச் சரி பண்றதுக்குள்ள அது இறங்கிடும்!"

"தெரியும் டாக்டர்."

"மூணு நாளா கடையை மூடிட்டு வந்தீங்களே?"

"பரவாயில்ல விடுங்க. எனக்கு இவ்வளவுதான் வாய்ச்சதுன்னு நினைச்சுக்கறேன்."

தன் பையின் அடியில் துழாவி, கண் வைத்துப் பார்க்கும் லென்ஸை எடுத்தார். அதை எடுத்து ஒரு வருஷம் இருக்கும். முந்தானையால் துடைத்து, மாட்டி, திருப்பிச் சரிசெய்து நகர்ந்துகொண்டார்.

வந்தவர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டார். குனிந்தார். அப்புறம் அசையவே இல்லை.

அரை நிமிஷம் மூன்று நிமிஷமானது. யாரும் போதும் என்று சொல்லவில்லை.

"தெரியுதாண்ணே?"

"இருக்கும்மா." அவர் குரல் உடைந்தது. "நிஜமாவே இருக்கும்மா."

டாக்டருக்குச் சிரிப்பு வந்தது. கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது. நாலாயிரம் படம் எடுத்தும் தனக்கு ஒருநாளும் இப்படிக் குரல் உடைந்ததில்லையே!

வால் நட்சத்திரம் கட்டடத்துக்குப் பின்னால் இறங்கியது. வந்தவர் எல்லாரையும் கும்பிட்டார். டாக்டர் நீட்டிய வருகைப் பதிவேட்டில் நின்றபடியே எழுதினார். கடைசி பஸ் போய்விடும் என்று படியிறங்கி ஓடினார்.

டாக்டர் பதிவேட்டைப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார்.

"நல்ல ஆளு போங்க! பேரை எழுதச் சொன்னா, வால் நட்சத்திரத்தோட பேரை எழுதிட்டுப் போயிருக்காரு!"

ஜெராக்ஸ் கடைக்காரம்மா எட்டிப் பார்த்தார். அவர் சிரிக்கவில்லை.

"அடுத்த கட்டத்தையும் படிங்க டாக்டர்."

'இந்த வால் நட்சத்திரத்தை முதலில் எப்போது, எதில் பார்த்தீர்கள்?' என்ற கேள்விக்கு நேராகப் பொடி எழுத்தில் இருந்தது:

'போன வருஷம், வீட்டுக் கம்ப்யூட்டரில், இன்டர்நெட்டில் வந்த வானப் படங்களில் ஒரு புள்ளியாக. எனக்கு முன்னால் யாருமே பார்க்கவில்லை என்று அதற்கு என் பெயரையே வைத்துவிட்டார்கள். நேரில் பார்த்தது இன்றுதான்.'