மூக்குப் பரிசோதனை

"போன லோடு கலப்படம்னு திரும்பி வந்துருச்சு. மூக்கு செத்தவங்க இன்னையோட வீட்டுக்குப் போகலாம்," என்றார் முதலாளி கிரிதரன்.

கம்பெனிகள் கழித்துப்போடும் உயர்ரகப் பிளாஸ்டிக் துண்டுகளைக் கொளுத்தி, முகர்ந்து பார்த்து இனம் பிரிப்பதுதான் வண்டியூர் ஷெட்டில் ஜெயினம்புவின் வேலை. பிரித்ததை உருக்கித்தான் புதுச் சாமான் செய்வார்கள். ஆனால் இந்த வருஷம் அவளுக்கு நோன்புக் கஞ்சியின் மணம்கூடத் தெரியவில்லை.

கிரிதரன் ஒரு துண்டைக் கொளுத்தி நீட்டினார். "சொல்லு."

அவர் முதுகுக்குப் பின்னால் நின்ற, கூட வேலை பார்க்கும் கனகலட்சுமி தன் சடையைத் தூக்கிக் காட்டினாள்.

"முடி கருகுற வாடைண்ணே. நைலான்."

அவரும் ஆழமாக முகர்ந்தார். "கரெக்ட்டு. நீ இருந்துக்க."

ஜெயினம்பு ஓடிப்போய்க் கனகலட்சுமியின் கையைப் பிடித்தாள். "உன் மூக்கால பொழச்சேன்க்கா."

"எனக்கு ஏதுடி மூக்கு? அது செத்து எம்புட்டோ நாளாச்சு. குருட்டாம்போக்குல காட்டுனேன்."

"அப்ப முதலாளி மோந்து பாத்து கரெக்ட்டுன்னாரே?"

இருவரும் திரும்பினார்கள். கிரிதரனின் முதுகுக்குப் பின்னால், அடுப்பில் மத்தியானச் சோறு கருகிப் புகைந்துகொண்டிருந்தது. அவர் அடுத்த துண்டைக் கொளுத்தி, கண்ணை மூடி முகர்ந்துகொண்டிருந்தார்.